தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு வாங்கின ட்றில்

என் லெட்சுமிக்கு,
ஏணிக்குக் கீழே நின்று என்னைத் திட்டுவதற்கென்றே பிறந்தவளுக்கு,

உன் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேர் உன்னைத் தெய்வம் என்கிறார்கள். மிச்சப் பேர் பொறுமைசாலி என்கிறார்கள். இது எந்த ஊர் லெட்சுமி என்று கேட்டுவிட்டேன். நான் அறிந்த லெட்சுமி, நாங்கள் ஏணியும் ட்றிலுமாக வேலைக்குப் போன வீட்டில் தேத்தண்ணீர் தண்ணியாக இருந்தால் கோப்பையை வீட்டுக்காரியிடமே நீட்டி, "இதுல மொகம் கழுவுறதா, குடிக்கிறதா?" என்று கேட்கிறவள். மலைநாட்டில் பிறந்த நாக்கு. சின்ன வயதிலேயே தர்மபுரத்துக்கு வந்து சேர்ந்தும் அந்த நாக்கு மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை.

நானும் எழுத வேண்டுமாம். நான் எழுதினால் கடிதமாகத்தான் எழுதுவேன், அவளோடு கதைத்துத்தான் எனக்குப் பழக்கம் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும். நாங்கள் கதைத்ததை ஊர் எப்போதுதான் கேட்கவில்லை?

உனக்கு இரண்டு செய்தி வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு நீ சிரிப்பாய். மற்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பாய். சிரிக்கிறதை முதலில் சொல்கிறேன்.

ட்றில் மெசின் வாங்கிவிட்டேன். வயர் இல்லாதது, பற்றறியில் ஓடுகிறது.

எங்கள் பழைய வயர் ட்றில் நீ போன பிறகு அதிக நாள் இருக்கவில்லை. முன்பள்ளிக்கூடத்தில் தட்டு அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே மோட்டரோடு உரசுகிற காபன் கட்டை தேய்ந்து, மோட்டர் எரிந்து, பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். அது எரியாமல் இருந்தாலும் நான் எப்படி வேலை செய்வது? நான் ஏணியில் நின்றால் வயரின் மற்ற நுனியில் நீ நிற்பாய். ஆடு மிதிக்காமல், தண்ணி படாமல், பிளக் கழலாமல் பார்க்கிறதும் நீ, என் கை கோணினால் கத்துகிறதும் நீ. இப்போது வயர் பிடிக்க ஆள் இல்லை. அதனால் வயர் இல்லாதது வாங்கினேன். கேட்பவர்களுக்கு, காலம் மாறிவிட்டது, இப்போது எல்லோரும் இதுதான் பாவிக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

சின்னதா பெரியதா என்று நாங்கள் சண்டை பிடித்தது நினைவிருக்கிறதா? பற்றறி ட்றில் ஒன்று வாங்கவேண்டும் என்ற கதை எங்களுக்குள் கன காலம் ஓடியது. எனக்குச் சின்னது வேண்டும். கைக்கு அடக்கமானது, ஏணியில் நின்று தலைக்கு மேலே பிடித்தாலும் தோள் கழலாதது. கதவுப் பிணைச்சல் பூட்ட, யன்னல் சீலைக் கம்பி பூட்ட, மாட்டுக் கொட்டிலுக்குத் தகரம் அடிக்க அது போதும் என்பேன். உனக்குச் சுத்தியல் மாதிரி இடிக்கிற ஹமர் உள்ள பெரியதுதான் வேண்டும். "சின்ன மிஷினு வாங்கி என்னா செய்யப் போற புள்ள, பல்லு குத்தவா?" என்று கேட்டாய். பெரியதைத் தூக்க உன்னைப்போல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமந்த பரம்பரை வேண்டும், நாங்கள் சாவகச்சேரியில் இருந்து குடையோடு வந்த ஆட்கள் என்று நானும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டையும் வாங்கவில்லை. சண்டை நன்றாக இருந்தது, முடித்துவிட மனம் வரவில்லைப்போல.

வாங்கினது பெரியது, லெட்சுமி. நீ வென்றாய். சிரித்து முடித்துவிட்டுச் சொல், மற்றதைச் சொல்கிறேன்.

உன் வீட்டு வாசல் கதவு.

வாசிக்கிற சனத்துக்கு இதைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கு விளங்காது. யுத்தம் முடிந்து நாங்கள் மீள்குடியேறி வந்த பிறகு, வீட்டுத் திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வீடு கட்டினார்கள். கதவு நிலை மரம் இல்லை, கொங்கிறீற்றில் வார்த்தது. நிலை வார்க்கும்போது தாழ்ப்பாள் கம்பி போய் நிற்க மேசன் ஒரு ஓட்டை விடுவார். எல்லா வீட்டிலும் விட்டார், உன் வீட்டிலும் விட்டார். மேசன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் நீ சீமெந்தும் சல்லியும் குழைத்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டாய். பெருவிரலால் அமர்த்தி அமர்த்தி அடைத்தாய். மேசன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். நீ அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாய்.

உன் மகன் சிவாவுக்காக என்று எனக்குத் தெரியும். யுத்தம் முடிந்த நாளில் வட்டுவாகலில் ஆமி அவனைப் பஸ்ஸில் ஏற்றினதைக் கண்ட சனம் உண்டு. பஸ் எங்கே போனது என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவன் எந்த நேரம் வந்தாலும் கதவு பூட்டிக் கிடக்கக்கூடாது என்பது உன் பிடிவாதம்.

அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. வந்தால் தட்டமாட்டானோ, அதற்குள் என்ன அவ்வளவு அவசரம் என்று பகிடியாகத்தான் கேட்டேன். நீ கையில் ஒட்டியிருந்த சீமெந்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாய்.

"தட்டுறதுக்குக் கை வேணும்ல? எப்படி வருவானோ யாருக்குத் தெரியும். தோளால தள்ளினா தொறக்கணும் பூரணம்."

அதற்குப் பிறகு உன் கறியைப் பழித்திருக்கிறேன், உன் நடையைப் பழித்திருக்கிறேன், உன் மூக்குத்தியைக்கூட விடவில்லை. அந்தக் கதவைப் பற்றி மட்டும் நான் பகிடி விட்டதில்லை.

கதவைச் சாத்துவாய், அவ்வளவுதான். இரவில் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டு நீயே படுப்பாய். வாறது யார் என்றாலும் உன்மேல் கால் வைத்துத்தான் உள்ளே வரவேண்டும். மகன் என்றால் மிதிக்கட்டும், வேறு ஆள் என்றால் நீ எழும்பிவிடுவாய். தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கு இத்தனை வருசமும் தாழ்ப்பாளாகக் கிடந்தது நீதான். நாய் குரைத்தால் எழும்பி இருப்பாய். காற்று அடித்தால் எழும்பி இருப்பாய். அடுத்த நாள் வேலையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு தூங்குவாய். நான் மேலே நின்று, லெட்சுமி, நான் விழுந்தால் நித்திரை குழம்பிவிடும் என்று கத்துவேன்.

என் மனுசன் செத்துக் கிடந்ததை நான் கண்ணால் கண்டேன். கையால் மண் போட்டேன். ஷெல்லுக்குப் பயந்து நாங்கள் பதுங்கின பங்கருக்குப் பக்கத்தில், நல்ல குழிகூட இல்லை. அதனால்தான் எனக்குச் சிரிப்பு மிச்சம் இருந்தது என்று நினைக்கிறேன். உனக்கு மண் போடவும் ஒன்றும் தரவில்லையே.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ கதைத்ததும் அந்தக் கதவைத்தான். சிறுநீரகம் இரண்டும் போய், உடம்பு ஊதி, மோதிர விரலில் சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்றினோம். மகள் துளசியைப் பார்த்துக்கொள் என்று சொல்வாய் என்று குனிந்தேன். "தாப்பா போட விட்றாத" என்றாய். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் தலையாட்டாமல் வேறு என்ன செய்வது, நீயே சொல்.

துளசி உடுப்புத் தைக்கிற பக்டரிக்குப் போய் வருகிறாள். நீ போன பிறகு அந்த வீட்டில் தனியே. கொஞ்ச நாள் என் வீட்டில் வந்து படுத்தாள். என் குறட்டைக்கு உன் வீட்டுப் பேயே பரவாயில்லை என்று திரும்பிப் போய்விட்டாள். என்னிடம்தான் வாய் பழகியிருக்கிறாள், அது வேறு. கதவுக்குப் பின்னால் பிளாஸ்ரிக் கதிரையை வைத்துவிட்டுப் படுப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒருவன் தள்ளிப் பார்த்திருக்கிறான். கதிரை இழுபட்டது. இருட்டுக்குள் ஒரு போன் வெளிச்சம். இவள் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? கத்தவில்லை. "அண்ணா?" என்று கேட்டிருக்கிறாள்.

வந்தவன் வாசலிலேயே நின்றிருக்கிறான். இவள் இன்னொரு தரம் கேட்டிருக்கிறாள். பிறகு அவன் சிரித்தானாம். அதற்குப் பிறகுதான் இவள் கத்தினாள். நான் உலக்கையோடு ஓடி வந்து சேரும்போது முற்றத்துச் சேற்றில் செருப்பு அடையாளம் மட்டும் கிடந்தது. விடியும்வரை அவள் தையல் மெசினைக் கதவோடு தள்ளி வைத்து, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள்.

காலையில் சொன்னாள், தாழ்ப்பாள் போடாவிட்டால் வவுனியாவில் அறை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று. நான் போடாவிட்டால் பரந்தனில் இருந்து ஆளைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னாள். உன் கதவில் வேறு ஒருவன் கை வைப்பதா? அவள் போய்விட்டால், வெறும் வீட்டில் கதவு திறந்து கிடந்து யாருக்கு என்ன? ட்றில் எரிந்துபோய்க் கிடக்கிறது, புதிது வாங்கினால்தான் செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தேன். லீவு போட்டுக்கொண்டு வாறன், கடைக்குப் போவோம் என்றாள். உன் பிள்ளைதான், சந்தேகம் இல்லை.

கிளிநொச்சியில் ஹாட்வெயார்க் கடைக்குப் போனோம். கடைத் தம்பி நல்ல பிள்ளை. என்னைப் பார்த்ததும், "அம்மா, ஐயா வரேல்லையோ? என்ன வேலைக்கு எண்டு அவரைக் கேட்டால் நல்லம்" என்றான்.

"ஐயா மண்ணுக்குள்ள இருக்கிறார் தம்பி. போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ, நான் நிக்கிறன்."

பாவம், கையில் இருந்த பெட்டியை மேசையில் வைக்கவும் மறந்து நின்றான். அதற்குப் பிறகு எனக்கு மரியாதை கூடிவிட்டது. இரண்டு மெசினையும் எடுத்து வைத்து விளக்கினான். சின்னது மரத்துக்கும் தகரத்துக்கும் ஸ்குரூ முறுக்கவும் நல்லது, பாரம் குறைவு. சீமெந்துக் கல்லில் மெல்ல மெல்லப் போகும், கொங்கிறீற்றில் நின்று சுற்றும், அழும், போகாது. பெரியதன் கழுத்தில் ஒரு வளையம். அதில் ஸ்குரூ, துளைக்கிற கம்பி, சுத்தியல் என்று மூன்று படம். சுத்தியல் படத்துக்குத் திருப்பினால் சுற்றிக்கொண்டே இடிக்கும். பக்கத்தில் இன்னொரு பிடி பூட்டலாம், கம்பி இறுகினால் மணிக்கட்டை முறிக்காமல் இருக்க. காபன் மாற்றுகிற வேலை இல்லாத மோட்டர். கரண்ட் நின்றாலும் வேலை நிற்காமல் இரண்டு பற்றறி. பெரியதைச் சின்ன வேலைக்குக் குறைத்து வைக்கலாம், சின்னதைப் பெரிய வேலைக்குக் கூட்ட ஏலாது என்றான். நீ வருசக்கணக்காகச் சொன்னதையே அவன் மரியாதையாகச் சொன்னான்.

நான் பெரியதைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். ஏணியில் நிற்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். எனக்கு அந்த நடுக்கம் தேவைப்பட்டது, லெட்சுமி. பார்த்தீர்களா, இது எனக்குப் பாரம், வயதுபோன மனுசி, சின்னன் காணும் என்று சொன்னேன். என்ன வேலை எல்லாம் செய்வீர்கள் என்று தம்பி கேட்டான். பிணைச்சல், அலுமாரி, சீலைக் கம்பி, கொட்டிலுக்குத் தகரம் என்று அடுக்கினேன். அப்படியென்றால் சின்னது போதும் அம்மா என்று அவனும் பெட்டியை எடுத்துவிட்டான்.

"கொங்கிறீற் நிலை ஒண்டும் இருக்கு, அண்ணா" என்றாள் துளசி.

தம்பி என்னைப் பார்த்தான். நான் பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தேன். துளசி குரலைக் கூட்டவில்லை.

"சின்னனை வாங்கினால் எங்கட நிலையில ஓட்டை போடேலாது. அதுக்குத்தானே சின்னம்மா சின்னனைப் பாக்கிறியள்?"

ஓம், அதற்குத்தான். சின்ன மெசினை வாங்கிக்கொண்டு வந்து, நிலையில் வைத்துச் சுற்றி, பார் பிள்ளை, போகுதில்லை, நான் என்ன செய்ய என்று கையை விரிக்கத்தான் நினைத்தேன். உனக்கும் தலையாட்டினபடி ஆகும், அவளுக்கும் இல்லை என்று சொன்னதாக இராது. வாய் கெட்டிக்காரி என்று ஊர் சொல்கிற ஆள், ஒரு பிள்ளையிடம் பிடிபட்டுப்போனேன்.

அவள் அப்போதுதான் சொன்னாள், அந்த இரவில் "அண்ணா" என்று கேட்டதை. அதுவரை எனக்கு அது தெரியாது. "நான் கேட்டதுக்கு அவன் சிரிச்சவன், சின்னம்மா. இனி நான் ஆரையும் அப்பிடிக் கேக்கமாட்டன்" என்றாள். கடையில் மற்றச் சனமும் நின்றது. அவள் அழவில்லை. தம்பி ஒன்றும் கேட்காமல் பெரியதைக் கட்டத் தொடங்கினான்.

வீட்டுக்கு வந்து பற்றறியைச் சார்ஜில் போட்டுவிட்டு நான் உன் வாசலில் இருந்தேன். பச்சை வெளிச்சம் வரும்வரை பொறுக்கவேண்டுமாம். கரண்ட் நின்றால் நல்லது என்று நினைத்தேன். மற்ற நாளில் எல்லாம் நிற்கிற கரண்ட், அன்றைக்கு நிற்கவில்லை.

நீ அடைத்த இடம் நிலையில் தனி நிறமாகத் தெரியும். கிட்டக் குனிந்து பார்த்தால் உன் பெருவிரல் அமர்த்தின குழி இருக்கிறது. ரேகையும் இருக்கிறது. கொங்கிறீற்றில் துளைக்கத் தொடங்கும்போது கம்பி வழுக்கி ஓடும் என்று உனக்குத் தெரியும், முதலில் ஆணியால் தட்டி ஒரு பொழி, சின்னக் குழி, போட்டுக் கொடுப்பாய். இந்தமுறை பொழி போடத் தேவைப்படவில்லை. கம்பியின் நுனி உன் விரல் குழிக்குள் போய் இருந்தது. வழுக்கவே இல்லை.

நீ சும்மா அடைக்கவில்லை, பாவி. மேசன் வார்த்த நிலையைவிட உன் அடைப்பு இறுக்கம். மெலிந்த கம்பியால் முதலில் ஓட்டி, பிறகு மொத்தக் கம்பி போட்டேன். பக்கப் பிடியைத் துளசியும் சேர்த்துப் பிடித்தாள். மெசின் இடிக்கிற இடி நெஞ்சுக்குள் கேட்டது. வெள்ளைத் தூள் அவள் தலையில், என் வாயில், நீ பாய் போடுகிற இடத்தில் எல்லாம் கொட்டியது. இந்தச் சத்தத்தில் நீ திட்டினாலும் கேட்காது என்று மட்டும் நினைத்தேன். பிறகு கம்பி சட்டென்று உள்ளே போனது.

தாழ்ப்பாளைக் கதவில் பூட்டினேன். துளசி கம்பியைத் தள்ளினாள். போய் நின்றது. இழுத்தாள், பிறகும் தள்ளினாள். அந்தச் சத்தம் உன் வீட்டில் அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்டது. தூளைக் கூட்டி எங்கே கொட்ட என்று கேட்டாள். செவ்வரத்தைப் பூமரத்தின் அடியில் கொட்டச் சொன்னேன். அன்று நன்றாக நித்திரை கொண்டாளாம்.

கோபமா? கோபித்துக்கொள். ஆனால் முழுக்கவும் கேட்டுவிட்டுக் கோபி.

இந்த மெசினில், பிடிக்கு மேலே பொத்தான் மாதிரி ஒரு சின்ன அமத்தி இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் முன்னுக்குச் சுற்றும், மற்றப் பக்கம் தள்ளினால் பின்னுக்குச் சுற்றும். கழற்றுவதற்கு. அடுத்த நாள் துளசி வேலைக்குப் போன பிறகு நான் மெசினைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். சுத்தியல் படத்தில் இருந்து ஸ்குரூப் படத்துக்குத் திருப்பினேன். அமத்தியைப் பின்னுக்குத் தள்ளினேன். என் வாசல் கதவுத் தாழ்ப்பாளின் ஸ்குரூ எல்லாவற்றையும் கழற்றினேன். மழைக்குத் துருப்பிடித்துக் கிடந்தது, ஒன்று கத்திக்கொண்டே வந்தது.

எனக்கு என்ன பயம் சொல்? என்னைத் தூக்கிக்கொண்டு போக வருகிறவனுக்கு முதலில் முறியாத இடுப்பும் நாரியும் வேண்டும். வீட்டில் களவெடுக்க இருப்பது இந்த மெசின்தான், அதையும் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறேன். உலக்கையும் பக்கத்தில்.

சிவாவுக்கு என் வீடு தெரியும், கட்டடம் புதிது என்றாலும் வளவு பழையதுதான். உன் வீட்டில் கீரை என்றால் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் உள்ள வேலியின் பொட்டுக்குள்ளால் புகுந்து என் குசினிக்குச் சாப்பிட வருகிறவன். அவன் வருவான் என்று நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். உன்னிடம் நான் விட்டது எல்லாம் பகிடி, பொய் இல்லை. ஆனால் வந்து, தாயின் கதவு பூட்டியிருந்து, தங்கச்சியும் பயத்தில் மறுமொழி சொல்லாவிட்டால், வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது.

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தோளால் தள்ளிப் பார்த்தேன். திறக்கவில்லை. ஈரத்துக்குப் பலகை ஊதி, கீழே நிலத்தில் இறுகிப் பிடித்தது. பிணைச்சலைக் கழற்றி, கீழ்ப்பக்கம் சீவி, திரும்பப் பூட்டினேன். அதற்கும் உன் பெரிய மெசின்தான், படத்தை மாற்றினால் மெல்லத்தான் சுற்றுகிறது, வாங்கினது நட்டமில்லை. பிறகும் போய்க் கையைக் கட்டிக்கொண்டு தள்ளினேன்.

திறக்கிறது, லெட்சுமி. தோளால் தள்ளத் திறக்கிறது.

நான் இருக்கும்வரை அது அப்படியே இருக்கும். மாரி மழைக்குப் பலகை ஊதினால் சீவுவேன். பாயையும் வாசலில்தான் போட்டிருக்கிறேன், குறட்டை விட்டாலும் மிதித்தால் எழும்புவேன்.

உன் துளசிக்குச் சின்னம்மா,
உன் சிவாவுக்கு வேலிக்கு இந்தப் பக்கத்துச் சின்னம்மா,
பூரணம்
தர்மபுரம்